காசிமேட்டிலிருந்து கோமுகத்தை அளந்தது: 320 மீட்டர், கூடக்குறைய 35

ஜூன் 9 இரவு பதினொன்றரை மணிக்கு நோட்டுப் புத்தகத்தின் 47ஆம் பக்கத்தில் ‘320, கூடக்குறைய 35’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டேன். இமயமலையில் உள்ள கங்கோத்ரி பனியாற்றின் முகப்பான கோமுகம் 1999 அக்டோபரிலிருந்து 2023 அக்டோபருக்குள் எத்தனை மீட்டர் பின்வாங்கியது என்ற கேள்விக்கு என் கைக்குக் கிடைத்த விடை அது. இதே கேள்விக்கு ஏப்ரல் 24 அன்று நான் எழுதியிருந்த விடை ‘வளர்ந்திருக்கிறது’. மே 6 அன்று எழுதியது ‘நான்கு கிலோமீட்டர்’. அந்த இரண்டு பக்கங்களையும் கிழிக்கவில்லை. இந்தப் பதிவில் பாதி அவற்றைப் பற்றியதுதான்.

எனக்கு வேலை காசிமேட்டில் ஓர் ஐஸ் கம்பெனியில், அம்மோனியா கம்ப்ரசர் பக்கம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது ஐஸுக்குத் தேவை குறைந்துவிடும். மற்ற ஆண்டுகளில் அந்த நாட்களை பேக்கிங் மாற்றுவதிலும் குழாய்களுக்கு வண்ணம் அடிப்பதிலும் கழிப்போம். இந்த முறை அக்கா மகளின் புத்தகத்தில் ஒரு படம் கண்ணில் பட்டது. அவள் புவியியல் படிக்கிறாள். நாசா வெளியிட்ட படம்: 2001இல் எடுத்த கங்கோத்ரி, அதன்மேல் 1780 தொடங்கி முகப்பு எங்கெங்கே நின்றது என்று வரிசையாகக் கோடுகள். “இதை நாமே வரைய முடியுமா?” என்று கேட்டேன். “முடியும் மாமா, படங்கள் எல்லாம் இலவசம்தான். பொறுமை மட்டும் வேண்டும்” என்றாள். பொறுமையை நான் சொந்தச் சரக்கு என்று நினைத்துக்கொண்டிருந்த நாட்கள் அவை.

முதலில் செலவு. ரிச்சி தெருவில் வாங்கிய பழைய லேப்டாப் 15,500 ரூபாய், எட்டு ஜிபி நினைவகம். அதற்குள் இருந்த பழைய வட்டு படத்தைத் திறக்கவே தேநீர் ஆறும் நேரம் எடுத்துக்கொண்டதால் 1,900 ரூபாய்க்கு எஸ்எஸ்டி போட்டேன். மௌஸ் 350. வரைபட மென்பொருளான கியூஜிஐஎஸ்ஸுக்குக் காசு இல்லை. படங்களுக்கும் இல்லை. 2008இல் அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் தன் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களின் களஞ்சியத்தைத் திறந்துவிடுவதற்கு முன்னால் ஒரு லேண்ட்சாட் 7 படத்தின் விலை 600 டாலர். அந்த விலை இருந்திருந்தால் இந்தப் பதிவும் இருந்திருக்காது.

காசில்லாத படத்துக்கு நான் கொடுத்தது டேட்டா. ஒரு காட்சியை முழுக் கட்டாக இறக்கினால் ஏறக்குறைய ஒரு ஜிபி. என்னுடையது நாளுக்கு இரண்டு ஜிபி திட்டம். முதல் வாரத்தில் எனக்குத் தேவையே இல்லாத பட்டைகளையெல்லாம் (ஒவ்வொரு வகை ஒளிக்கும் தனித்தனியாக வரும் படங்கள்) இறக்கி, நான்கு முறை கூடுதல் பேக் போட்டேன். தேவையான பட்டைகளை மட்டும் தனித்தனியாக இறக்கலாம் என்பது ஐந்தாம் முறை பணம் கட்டப் போகும்போதுதான் தெரிந்தது. பச்சை, சிற்றலை அகச்சிவப்பு, ஒரு பிக்சல் தரையில் 15 மீட்டரைக் காட்டும் கறுப்பு வெள்ளை ஆகிய மூன்று பட்டைகள் எனக்குப் போதும்.

கங்கோத்ரி விழும் காட்சியின் எண் பாதை 145, வரிசை 39. அதை வைத்துத் தேடி, மேகம் பத்து விழுக்காட்டுக்குக் கீழே என்று வடிகட்டியதும் பளிச்சென்று ஒரு படம் வந்து நின்றது. ஜனவரி மாதத்துப் படம். மேகமே இல்லை, மலையெல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தது. மகிழ்ச்சியோடு எடுத்துக்கொண்டேன். அதை 1999 அக்டோபர் படத்தோடு ஒப்பிட்டால் பனியாறு கோமுகத்தைத் தாண்டி, அதற்குக் கீழே இருக்கும் போஜ்பாசா முகாமையும் தாண்டிப் பள்ளத்தாக்கு முழுவதும் இறங்கி வந்திருந்தது. ‘வளர்ந்திருக்கிறது’ என்று எழுதியது அன்றுதான். உண்மையில் அது படம் எடுப்பதற்குச் சற்றுமுன் பெய்த பனி. குளிர்காலத்தில் பாறை, புல், பாதை எல்லாமே வெள்ளைதான். பருவமழை மேகம் விலகி, புதுப்பனி விழுவதற்குமுன் இருக்கும் செப்டம்பர் கடைசி, அக்டோபர் நாட்களை விட்டால் அங்கே அளக்கத்தக்க படம் அபூர்வம். ஒரு லேண்ட்சாட் செயற்கைக்கோள் ஒரே இடத்துக்கு 16 நாளுக்கு ஒருமுறைதான் வரும். ஆக ஆண்டுக்கு இரண்டு, அதிகம் போனால் மூன்று வாய்ப்பு. அன்றைக்கு மேகம் வந்துவிட்டால் அந்த ஆண்டு போயிற்று.

இனி நான் நிறைய நேரம் தொலைத்த இடம்.

பனியைத் தானாகக் கண்டுபிடிக்க ஓர் எளிய கணக்கு உண்டு. பனி பச்சை ஒளியில் பளிச்சென்று இருக்கும், சிற்றலை அகச்சிவப்பில் கறுத்துப்போகும். பச்சையிலிருந்து சிற்றலை அகச்சிவப்பைக் கழித்து, வந்ததை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் பனிக் குறியெண். அது 0.4க்கு மேல் இருந்தால் பனி என்று கொள்வது வழக்கம். 1999 படத்துக்கு ஒரு செருகு நிரலை வைத்துக் குறியெண் எடுத்தேன். 2023க்கு லேண்ட்சாட் 8 படம், அதற்குள் எனக்குத் தைரியம் வந்துவிட்டதால் நானே மென்பொருளின் கணக்குக் கருவியில் சூத்திரத்தை அடித்தேன். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தபோது நெஞ்சு திக்கென்றது. வெள்ளைப் பகுதியின் கீழ் நுனி நான்கு கிலோமீட்டர் மேலே ஏறியிருந்தது.

மறுநாள் டீக்கடையில் சொன்னேன். இருபத்து நான்கு ஆண்டில் நான்கு கிலோமீட்டர் பனி காணாமல் போய்விட்டது என்று. வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர், “அப்படியென்றால் இன்னும் எத்தனை வருஷத்தில் கங்கை நிற்கும்?” என்று கேட்டார். அதற்கும் ஒரு விடை சொன்னேன். அதை இங்கே எழுதப் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் வந்து பார்த்தாள். சூத்திரத்தைப் பார்க்கவில்லை, நேராகப் படத்தின் எண்களைத்தான் பார்த்தாள். “மாமா, இது பதினாறாயிரம், பத்தாயிரம் என்று இருக்கிறதே. இதை எதிரொளிப்பாக மாற்றினீர்களா?” மாற்றவில்லை. மேற்பரப்பு எதிரொளிப்பு (தரை திருப்பி அனுப்பும் ஒளியின் பங்கு) என்று தரப்படும் லேண்ட்சாட் படங்களில் இருப்பது சுருட்டி வைத்த எண்கள். ஒவ்வொன்றையும் 0.0000275ஆல் பெருக்கி, 0.2 கழித்தால்தான் உண்மையான மதிப்பு வரும். பெருக்கலை மறந்தால் கேடில்லை, மேலும் கீழும் வகுபட்டுப்போகும். கழித்தலை மறந்தால் தொலைந்தோம்.

அவள் தாளில் போட்டுக் காட்டிய கணக்கு இது. அழுக்கேறிய பனி ஒன்று, பச்சையில் 0.25, சிற்றலை அகச்சிவப்பில் 0.10. குறியெண் 0.15ஐ 0.35ஆல் வகுத்தால் 0.43. எல்லையைத் தாண்டுகிறது, எனவே பனி. அதே பனி படத்துக்குள் 16,363 என்றும் 10,909 என்றும் உட்கார்ந்திருக்கும். அப்படியே வகுத்தால் 0.20. பனி இல்லை. தூய வெள்ளைப் பனிக்கு இந்தத் தவறு ஒன்றும் செய்யாது, அது எப்படியும் தேறிவிடும். கீழ்ப்பகுதியில் தூசி படிந்த பனியை மட்டும் துடைத்துப்போட்டுவிடும். 1999 படத்தைச் செருகு நிரல் ஒழுங்காக மாற்றியிருந்தது, 2023 படத்தை நான் மாற்றவில்லை. நான்கு கிலோமீட்டர் பனியை உருக்கியது வெயில் அல்ல, நான்தான்.

ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களிலும் இதேபோல் ஒரு கண்ணி இருக்கிறது. 2022 ஜனவரி கடைசியில் வந்த மாற்றத்துக்குப் பிறகு அவற்றின் எண்களில் 1000 கூட்டி வைத்திருக்கிறார்கள். பழைய படத்தையும் புதிய படத்தையும் அப்படியே ஒப்பிட்டால் இதே கதிதான். ஒருமுறை சூடுபட்டதால் இதில் தப்பித்தேன்.

கணக்கைத் திருத்திய பிறகு இரண்டு ஆண்டுகளின் வெள்ளை நுனிகளும் ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்தன. ஆனால் அந்த இடம் கோமுகத்துக்குப் பல கிலோமீட்டர் மேலே. பனியாறு ஏறக்குறைய 30 கிலோமீட்டர் நீளம். அதன் கீழ்ப்பகுதியைக் கணினி பனியாகவே ஏற்றுக்கொள்ளவில்லை. எண்களை மாற்றிப் பார்த்தேன், எல்லையை 0.4இலிருந்து 0.3, 0.2 என்று இறக்கினேன். பனி இறங்கி வரவில்லை. மலை நிழல்களும் குட்டைகளும்தான் பனியாக மாறிக்கொண்டிருந்தன. மூன்று இரவுகள் இதில் போயின.

விடை கம்பெனி முற்றத்தில் கிடைத்தது. எங்கள் மூத்த ஆபரேட்டரிடம் புலம்பிக்கொண்டிருந்தேன். “கல்லும் மண்ணும் மூடிக் கிடந்தால் ஐஸ் எப்படித் தெரியும், தம்பி? அந்தக் காலத்தில் ஐஸ் பாரை உமியில் புதைத்துத்தான் வெளியூருக்கு அனுப்புவோம். மேலே பார்த்தால் உமி மூட்டைதான்” என்றார். கங்கோத்ரியின் கீழ்ப்பகுதி அப்படித்தான். பக்கத்து மலைகளிலிருந்து உதிர்ந்த கல்லும் மண்ணும் பனியின்மேல் போர்வையாகக் கிடக்கின்றன. செயற்கைக்கோளுக்குத் தெரிவது போர்வை. அக்கா மகள் இதை முதல் நாளே சொல்லியிருக்கிறாள், குறிப்பு நோட்டில் என் கையெழுத்திலேயே இருக்கிறது. உமி மூட்டை என்று கேட்கும்வரை அது எனக்குள் இறங்கவில்லை.

வேலைக்கு நேரடியாகத் தேவையில்லை என்றாலும் ஓர் ஆசைக்குச் செய்து பார்த்தேன். மூன்று கிலோ ஐஸ் துண்டுகள் மூன்று, காலை பதினொரு மணி வெயிலில், தண்ணீர் வடியும்படி கம்பித் தட்டின்மேல். ஒன்று வெறுமனே. ஒன்றின்மேல் கரித்தூள் லேசாகத் தூவியது. ஒன்று நாலு அங்குலச் சல்லிக்குள் புதைத்தது. ஒரு மணி நேரம் கழித்துக் கழுவி மீன் தராசில் வைத்தால்: வெறும் துண்டு 1.9 கிலோ, கரித்தூள் பூசியது 1.6, சல்லிக்குள் இருந்தது 2.5. மெல்லிய அழுக்கு உருக்குகிறது, தடித்த போர்வை காக்கிறது. மலைமேலும் இப்படித்தான் என்று பிறகு படித்தேன். தராசைச் சும்மா கொண்டுபோனதற்கு ஏலக்காரர் கோபித்துக்கொண்டார். செலவுக் கணக்கில் இரண்டு தேநீர்.

ஆக, தானாகக் கண்டுபிடிக்கும் வழி முகப்புக்கு உதவாது. கையால்தான் வரைய வேண்டும். கையால் என்றால் கை எவ்வளவு ஆடுகிறது என்று முதலில் தெரிய வேண்டும். கம்ப்ரசரில் புது அழுத்தமானி மாட்டினால் முதலில் காற்றில் விட்டு முள் சுழியில் நிற்கிறதா என்று பார்ப்போம் அல்லவா? அதற்கு இணையாக, நகராத ஒன்றை அளக்க நினைத்தேன். ஜன்னலைத் திறந்தால் தெரிவது துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர். பாறாங்கல். அது எங்கும் போகாது.

2000ஆம் ஆண்டின் லேண்ட்சாட் 7 கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று, 15 மீட்டர் பிக்சல். 2023இன் சென்டினல்-2 படம் ஒன்று, 10 மீட்டர் பிக்சல். இரண்டிலும் சுவரின் ஒரே வளைவைக் குறித்து, இடைவெளியை அளந்தேன். சுழி வர வேண்டும். லேப்டாப்பின் தொடுபலகையில் வரைந்தபோது சராசரியாக 31 மீட்டர் வந்தது. அன்று மாலையே போய் வாங்கியதுதான் அந்த 350 ரூபாய் மௌஸ். அதன்பிறகு ஐந்து முறை, ஐந்து வெவ்வேறு நேரங்களில் வரைந்தேன். குறைந்தது 9 மீட்டர், அதிகம் 28, சராசரி 18. நகராத சுவர் என் கணக்கில் 18 மீட்டர் நகர்ந்திருக்கிறது. பாதி என் கை, பாதி இரண்டு படங்களும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காராதது.

இதே வேகத்தில் சுவருக்கு வடக்கே எங்கள் கரையையும் வரைந்துவிடலாம் என்று தொடங்கினேன். துறைமுகம் வந்த பிறகு தெற்கிலிருந்து வடக்கே போகும் மணல் தடைபட்டு, மெரினா அகன்றது, இராயபுரத்திலிருந்து எண்ணூர்வரை கடல் உள்ளே வந்தது என்பது இங்கே எல்லார் வீட்டிலும் உள்ள கதை. ஆனால் நுரைக்கோடு ஒரு பிக்சல் அகலத்துக்கு வெள்ளையாக நிற்கிறது, தூண்டில் வளைவுகளுக்கு நடுவே மணல் வந்து வந்து போகிறது. இரண்டு மாலைகளில் கைவிட்டேன். அது தனி வேலை.

மீண்டும் மலைக்கு. சிவன் கோவில் கருவறைக்கு வடபுறம் அபிஷேக நீர் விழும் வாய்க்குக் கோமுகி என்று பெயர். திருவொற்றியூர்க் கோவிலில் சிறு வயதில் கையை நீட்டி நின்றிருக்கிறேன். கங்கோத்ரி முகப்புக்கும் அதே பெயர்தான்: கௌமுக், பசுவின் வாய். பனிச்சுவரின் அடியிலிருந்து, கங்கையின் தலையாறான பாகீரதி வெளியே வரும் இடம். 1935இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஆடன் அங்கே நேரில் போய், பிளேன் டேபிள் என்ற நில அளவை மேசையை வைத்து முகப்பை வரைந்தார். நான் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து தேடினேன், மூன்று நாள் கண்டுபிடிக்க முடியவில்லை. சாம்பல் கல், சாம்பல் மண், சாம்பல் ஆறு.

வழி காட்டியது நிழல். பனியாறு தென்கிழக்கிலிருந்து வடமேற்காக இறங்குகிறது. செயற்கைக்கோள் கடப்பது காலை பத்தரை மணியை ஒட்டி. அக்டோபரில் அந்த நேரத்துச் சூரியன் தென்கிழக்கில், பனியாற்றின் முதுகுப் பக்கம். ஆகவே வடமேற்கைப் பார்த்து நிற்கும் பனிச்சுவர் தன் காலடியிலேயே நிழல் போடுகிறது. படத்தில் அது மெல்லிய கறுப்புப் பிறை. அதன் நடுவிலிருந்து ஆறு வெளுப்பாகப் புறப்படுகிறது. பிறையும் ஆற்றின் தொடக்கமும் சேரும் இடம் வாய். இதைக் கண்டுகொண்ட பிறகு 2023 படத்தில் இரண்டு நிமிடத்தில் வரைந்தேன். 1999 படத்தில் பிறை ஒன்றிரண்டு பிக்சல்தான், கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்க்க வேண்டும்.

வரைந்த முதல் ஏழு கோடுகள் போன கதையையும் சொல்ல வேண்டும். கியூஜிஐஎஸ்ஸில் தற்காலிக அடுக்கு என்று ஒன்று இருக்கிறது. அவசரத்துக்கு அதில் வரைந்துகொண்டே போனேன். மே 19 இரவு மின்சாரம் நின்றது, லேப்டாப்பின் பேட்டரிக்கு ஆயுள் நான்கு நிமிடம், அடுக்கு எங்கும் சேமிக்கப்படவில்லை. அதுவும் நல்லதுக்குத்தான் என்று சொல்ல மாட்டேன். எரிச்சலில் இரண்டு நாள் லேப்டாப்பைத் திறக்கவில்லை.

இரண்டாம் சுற்றில் முறையாகச் செய்தேன். ஒவ்வோர் ஆண்டுக்கும் ஐந்து கோடுகள், மூன்று வெவ்வேறு நாட்களில், முந்தைய கோட்டை மறைத்துவைத்து. வரைவதற்கு முன்னால் இரண்டு படங்களிலும் பாகீரதியின் வளைவுகளையும் பக்கத்து முகடுகளையும் பொருத்திப் பார்த்தேன். முகப்பு நேர்கோடு அல்ல, ஒரு மூலை அதிகம் போயிருக்கும், இன்னொன்று நின்றிருக்கும். ஒரே புள்ளியில் அளந்தால் எந்த விடை வேண்டுமோ அதை வாங்கலாம். அதனால் பனியாற்றின் நடுவே, அது ஓடும் திசையிலேயே, 400 மீட்டர் அகலத்தில் ஒரு பெட்டி வரைந்தேன். பெட்டிக்குள் இரண்டு கோடுகளுக்கும் நடுவே இழந்த பரப்பை எடுத்து அகலத்தால் வகுப்பது முறை. பரப்பு 12.8 ஹெக்டேர், அதாவது 1,28,000 சதுர மீட்டர். 400ஆல் வகுத்தால் 320.

பிழைக்கு: 1999 கோடுகள் தங்களுக்குள் 25 மீட்டர் ஆடின, 2023 கோடுகள் 15, சுவர் சொன்னது 18. மூன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 34 சொச்சம். 35 என்று வைத்துக்கொண்டேன். ஆண்டுக்கு 13 மீட்டர், கூடக்குறைய ஒன்றரை.

இது சரியா என்று எதோடு ஒப்பிடுவது? 1965இன் கொரோனா உளவுச் செயற்கைக்கோள் படங்களிலிருந்து 2006இன் இந்தியச் செயற்கைக்கோளான கார்டோசாட்டின் படம்வரை வைத்து ஆய்வாளர்கள் அளந்தது 819 மீட்டர், கூடக்குறைய 14. ஆண்டுக்கு ஏறக்குறைய 20. என்னுடையது வேறு காலம் என்பதால் 13க்கும் 20க்கும் சண்டை மூட்ட முடியாது, ஆனால் ஒரே தெருவில்தான் இருக்கிறோம். என்னைக் கூச வைத்தது அந்த 14தான். 41 ஆண்டுக்கு அவர்கள் 14, 24 ஆண்டுக்கு நான் 35. கூர்மையான படம், பழகிய கை.

நடுவே 2007 என்று ஒரு கோடு சேர்க்க ஆசைப்பட்டேன். லேண்ட்சாட் 7 படத்தைத் திறந்தால் சாய்ந்த கறுப்புக் கீற்றுகள். 2003 மே 31 அன்று படத்தின் வரிகளை ஒழுங்காக அடுக்கும் அதன் வரித் திருத்தி பழுதானது, அதன்பிறகு ஒவ்வொரு படத்திலும் 22 விழுக்காடு காலி. காலியிடத்தைப் பக்கத்துப் பிக்சல்களால் நிரப்பும் கருவி ஒன்று இருக்கிறது. நிரப்பினால் படம் அழகாகிவிடுகிறது, முகப்பு மட்டும் மென்பொருளின் கற்பனை. அழித்துவிட்டு லேண்ட்சாட் 5க்குப் போனேன், 30 மீட்டர் பிக்சல். ஆண்டுக்கு 20 மீட்டர் போகும் பனிக்கே ஒரு பிக்சல் என்பது ஒன்றரை ஆண்டு. கோடு போட்டேன், பிழை விடையில் பாதி வந்தது, சேர்க்கவில்லை. போன ஆண்டுக்கும் இந்த ஆண்டுக்கும் ஒப்பிட்டுச் செய்தி போடுகிறவர்களைப் பார்த்தால் எந்தப் படத்தில் அளந்தார்கள் என்று இப்போது உடனே கேட்கத் தோன்றுகிறது.

கல் போர்வையில் நொந்துபோனதால், கடைசி வாரத்தில் பனி நேரே தண்ணீரில் முடியும் இடம் ஒன்றை எடுத்தேன்: சிக்கிமின் தெற்கு லோனாக். பனியாறு பின்வாங்கிய இடத்தில் ஏரி தேங்கி, தேங்கி, 2023 அக்டோபர் 3 இரவில் உடைத்துக்கொண்டு இறங்கி, சுங்தாங்கில் தீஸ்தா-3 அணையையே அடித்துப்போன அதே ஏரி. லேண்ட்சாட் கணக்கில் அது பாதை 139, வரிசை 41. பச்சையையும் அண்மை அகச்சிவப்பையும் வைத்து நீர்க் குறியெண் எடுத்தால் ஏரி அச்சுப்போல் வந்துவிடுகிறது. மிதக்கும் பனித்துண்டுகள் மட்டும் அங்கங்கே ஓட்டை போடும், அவற்றைக் கையால் அடைக்க வேண்டும். 2022 இலையுதிர் காலத்துச் சென்டினல்-2 படத்தில் என் கோடு 160 ஹெக்டேரை ஒட்டி வந்தது. இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையம் சொன்ன எண்கள் 2023 செப்டம்பர் 17 அன்று 162.7 ஹெக்டேர், 28 அன்று 167.4, உடைந்தபின் அக்டோபர் 4 அன்று 60.3. ஓராண்டு இடைவெளிக்கு என் எண் பழுதில்லை.

முதலில் எனக்கு 162 வந்து, இஸ்ரோவோடு அப்படியே பொருந்திவிட்டதே என்று மகிழ்ந்தேன். வரைபடத்துக்காகப் பூமியைக் கீற்றுக் கீற்றாகப் பிரிக்கும் யுடிஎம் முறையில் சென்னையும் கங்கோத்ரியும் ஒரே மண்டலம், 44. சிக்கிம் 45. மண்டலத்தை மாற்றாமல் அளந்திருக்கிறேன், அதில் பரப்பு ஒரு விழுக்காட்டுக்குச் சற்று மேல் ஊதிவிடுகிறது. தவறான வழியில் வந்த சரியான எண்ணை அழிக்கும்போது கை கொஞ்சம் தயங்கியது.

அடுத்த முறை செய்வது: சுவரை முதல் நாளே அளப்பேன், ஐந்தாவது வாரத்தில் அல்ல. முதல் பனியாறாகக் கங்கோத்ரியை எடுக்க மாட்டேன். இமாசலத்தின் சோட்டா ஷிக்ரி ஏறக்குறைய 9 கிலோமீட்டர்தான், கல் போர்வையும் குறைவு, கை பழக அது தோது. எல்லா எண்களையும் எதிரொளிப்பாக மாற்றியது எந்தத் தேதியில் என்று கோப்பின் பெயரிலேயே எழுதுவேன். தற்காலிக அடுக்கைத் தொட மாட்டேன். லேப்டாப்புக்குப் புது பேட்டரி, 2,200 ரூபாய் சொல்கிறார்கள், அது தீபாவளி போனஸுக்கு. இதுவரை மொத்தம் 17,750, டேட்டா பேக் தனி.

ஜூன் 14 நள்ளிரவு தடை முடிந்தது. அதற்கு மூன்று நாள் முன்பே இரண்டு கம்ப்ரசர்களும் ஓடத் தொடங்கிவிட்டன. இரவு ஷிஃப்டில் அக்கா மகள் தன் ஐந்து கோடுகளை அனுப்பியிருந்தாள், என் கோடுகளைப் பார்க்காமல் வரைந்தவை. பெட்டிக்குள் அவளுக்கு வந்தது 341. என் 35க்குள் அடங்குகிறது. ஆனால் பெட்டிக்கு வெளியே, வடகிழக்கு மூலையில், அவள் கோடு ஒரு கல்மேட்டைச் சுற்றிக்கொண்டு போகிறது, என் கோடு அதை வெட்டிக்கொண்டு போகிறது. நடுவில் 60 மீட்டர். அந்த மேட்டுக்கு அடியில் பனி இருக்கிறது என்கிறாள் அவள். வெறும் கல் என்கிறேன் நான். அக்டோபர் படம் வரட்டும் என்று இருவரும் அந்த மூலையைப் புள்ளிக்கோடாக விட்டிருக்கிறோம்.